வாளி பிடித்த இளவரசரும் வண்டியை விட்டு இறங்காத நானும்

மண் குளிர, மனம் குளிர, வந்தவர் தொண்டை குளிர வாழ்கின்ற இந்த மிட்டாசர் ஊரின் பஞ்சாயத்துத் தலைவியும், இன்றைய ஜோகியார் விழாவின் தலைவியும், அரைமணிக்கு மேல் பேசினால் ஒலிபெருக்கியின் ஒயரைப் பிடுங்கிவிடுவேன் என்று சிரித்துக்கொண்டே என்னை எச்சரித்திருப்பவருமான பீபி ஹர்வந்த் கௌர் அவர்களே! ஜோகியார் சமாதியில் நாள் தவறாமல் விளக்கேற்றும் பெரியவர் மஸ்த்நாத் அவர்களே! நரைத்த தாடிக்குள்ளே நாடறிந்த கதைகளைச் சுமந்துகொண்டு நாற்காலிகளில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியோர்களே! கடுகு வயல் ஒன்று கால் முளைத்து வந்து உட்கார்ந்தாற்போல, வலப்பக்கம் முழுதும் மஞ்சள் துப்பட்டாக்களாய் மலர்ந்திருக்கும் என் தாய்மார்களே! டிராக்டர் தொட்டிகளில் குலுங்கிக் குலுங்கி வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கிய அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களே! உங்கள் அனைவரின் பாதங்களையும் தொட்டு, இந்த பக்‌ஷீஷ் சிங் வணங்குகிறேன்.

என்ன அங்கே, பின்வரிசையில் ஏதோ சத்தம்? வாளிக் கதையைச் சொல்லவா? சொல்லத்தானே வந்திருக்கிறேன். வாளிக்கு முன்னால் கிணறு வர வேண்டாமா? கிணற்றுக்கு முன்னால் இளவரசர் வர வேண்டாமா? கொஞ்சம் பொறுங்கள்.

அன்பர்களே, நம்முடைய பஞ்சாபிலே பாடப்படாத இளவரசர் உண்டா? பாட்டில் வருகிற இளவரசர்களில் பாதிப்பேர் அரண்மனையில் தங்கியதுண்டா? முத்துமாலையைக் கழற்றி உத்திராட்சம் அணிந்தவர்கள். பட்டுமெத்தையை விட்டுப் பாறையிலே படுத்தவர்கள். காதிலே குண்டலம் மாட்டுகிற வயதில் ஜோகி என்னும் துறவியாகி, காது துளைத்து மர வளையம் மாட்டிக்கொண்டவர்கள். ஊருக்கு ஒருவர், உள்ளத்துக்கு ஒருவர். அந்த வரிசையில் வந்தவர்தான் நம்முடைய இளவரசர் கன்வர் தயாபால்.

அவருடைய தந்தை ராஜா உக்ரபால். பெயரிலேயே உக்கிரம்; பேச்சிலும் உக்கிரம். மூன்று ஆண்டுகள் மழை பொய்த்தது. ஊர்க் கிணறுகளெல்லாம் உப்புக் கரித்தன. அரண்மனைக் கிணறு ஒன்றுதான் இனித்தது. ராஜா என்ன செய்தார்? அதைச் சுற்றி மதில் எழுப்பினார். வாசலில் வேலோடு ஒரு காவலனை நிறுத்தினார். உள்ளே தண்ணீர், வெளியே கண்ணீர்.

அந்த நிலையில் இளவரசருக்குப் பட்டம் கட்டும் நாள் வந்தது. முரசு முழங்குகிறது, முல்லைப்பூ மணக்கிறது, யானை மேல் இளவரசர் வருகிறார். மதில் வாசலில் ஒரு குயவர் வீட்டுப் பெண் காலிக் குடத்தோடு நிற்கிறாள். காவலன் வேலைக் குறுக்கே நீட்டித் தடுக்கிறான். இளவரசர் அதைப் பார்த்தார். யானையை நிறுத்தினார். இறங்கினார். தலைப்பாகையில் செருகியிருந்த பொற்சிறகை எடுத்துக் காவலனிடம் நீட்டி, "இதக் கொஞ்சம் புடிச்சுக்கப்பா" என்றார்.

எண்ணிப் பாருங்கள் அந்தக் காவலனின் பாட்டை! இளவரசரின் பொற்சிறகு. கீழே விழுந்தால் தலை போகும். அவன் பதறிப்போய் இரண்டு கைகளையும் ஏந்தி வாங்கினான். இரண்டு கையாலும் சிறகைப் பிடித்தால் வேலை எந்தக் கையால் பிடிப்பது? வேல் விழுந்தது, வாசல் திறந்தது, ஊரே உள்ளே நுழைந்தது. பட்டுச் சட்டையின் கையை மடித்துவிட்டு, இளவரசர் வாளியைப் பிடித்து இறைக்க ஆரம்பித்தார்.

மாடத்திலிருந்து ராஜா கத்தினார்: ஒன்று வாளியை விடு, இல்லையென்றால் நாட்டை விடு என்றார். இளவரசர் கடைசி ஆள் குடிக்கும் வரை இறைத்துவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட நாட்டை விட்டு நடந்தார். ஜோகியானார். காலம் ஓடிற்று. ராஜாவுக்கு ஒரு நோய் வந்தது. எவ்வளவு குடித்தாலும் தாகம் தீராத நோய். வைத்தியர்கள் கைவிட்ட நாளில் ஒரு ஜோகி வந்து, மதில் வாசலைத் திறந்து போடச் சொன்னார். எல்லோரும் குடித்த பிறகு ராஜாவுக்கு ஒரு வாய் ஊற்றினார். தாகம் அடங்கியது. ஊற்றிய கையைப் பார்த்து மகனை அடையாளம் கண்டுகொண்ட ராஜா, முடியைக் கழற்றி நீட்டினார். அப்போது நம் ஜோகியார் என்ன சொன்னார்? தாய்மார்களே, நீங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய அந்த வார்த்தையை நானும் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன்.

"வரிசையில இன்னும் ஆள் நிக்குதுப்பா. முடியட்டும், அப்புறம் பேசலாம்."

அந்த வரிசை முடியவே இல்லை. முடியும் சூடப்படவே இல்லை. மதில் விழுந்தது, மாடம் சரிந்தது, மன்னன் பெயர் மறைந்தது. கிணறு இருக்கிறது. அதோ, நீங்கள் காலையில் குடித்துவிட்டு வந்த கிணறு.

சரி, இனி என் கதைக்கு வருகிறேன். கைதட்டாதீர்கள், தட்டும்படியான கதை அல்ல அதன் முதல் பாதி.

இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன், மாசிக் குளிர் விலகிய ஒரு காலைப்பொழுதில், நான் லூதியானாப் பக்கத்திலிருந்து என் மகன் ஹர்நேக்குக்குப் பெண் கொள்ள இந்த ஊருக்கு வந்தேன். மூன்று பேருந்து நிறைய ஊர்வலத்தார். முன்னே பித்தளை வாத்தியம், பின்னே வெடி, நடுவே வெள்ளைக் குதிரையில் என் மகன். நான் அப்போது நாற்பது லாரிகளின் முதலாளி. என் மீசை எனக்கு இரண்டடி முன்னால் நடந்துகொண்டிருந்த காலம் அது. பெண்ணின் தந்தை நாஹர் சிங், ஒன்பது ஏக்கர் கோதுமை விவசாயி. குரல் உயர்த்தத் தெரியாத மனிதர். பெண் ஸிம்ரத். அவளை என் மகன்தான் பார்த்தான், அவன்தான் பிடிவாதம் பிடித்தான். எனக்கு இந்தச் சம்பந்தம் அரை மனதுதான். அந்த அரை மனது அன்றைக்கு என்ன ஆட்டம் போட்டது தெரியுமா?

சம்பந்திகள் தழுவிக்கொண்டோம், மாலை மாற்றிக்கொண்டோம். எல்லாம் முடிந்ததும் நாஹர் சிங் என் பக்கத்தில் வந்து நின்று, மெல்லச் சொன்னார்: "சம்பந்தி, எங்க ஊர்ல ஒரு வழக்கம். மாப்பிள தலப்பாக சிறகக் கழட்டி வச்சிட்டு, கிணத்துல தண்ணி எறச்சு, வரிசையில நிக்கிறவங்களுக்குக் குடுத்திட்டுத்தான் கல்யாணத்துக்கு உக்காருவாரு."

"எம் பையன் தண்ணி எறைக்கவா குதிர ஏறி வந்தான்? உங்க ஊர்ல வேற ஆளே இல்லையா?" என்று கேட்டேன்.

"ஆளுக்குக் கொறச்சல் இல்ல சம்பந்தி. இன்னிக்கு அவருதான் ராஜா. அதனாலதான் அவரக் கேக்குறோம்."

எவ்வளவு அழகான பதில்! என் காதில் அது ஏறவில்லை. நான் கிணற்றடியைப் பார்த்தேன். வரிசையில் யார் நின்றார்கள்? செங்கல் சூளையிலிருந்து புழுதி படிந்தபடி வந்தவர்கள். செருப்புத் தைப்பவர். சாணம் அள்ளுகிற பெண்கள். நான் கூட்டி வந்த வாத்தியக்காரர்கள். அவர்களைப் பார்த்து, அவர்கள் காதில் விழும்படி, நான் சொன்னேன்: "இந்த மாதிரி ஆளுங்களுக்கு எம் மகன் கையால தண்ணியா?"

நாஹர் சிங் கண்களைத் தாழ்த்திக்கொண்டார். வரிசையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவரும் வரிசையை விட்டு விலகவில்லை; அதுவே எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

என் மகன் குதிரையை விட்டு இறங்கத் தயாராக இருந்தான். நான் அவன் காலைப் பிடித்து அழுத்தினேன். இறங்கினால் எனக்கு மகன் இல்லை என்றேன். பேருந்துகளைத் திருப்பச் சொன்னேன். விடுவிடுவென்று நடந்து, முதல் பேருந்தில் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். ஊர்வலமே பின்னால் வரும் என்று நினைத்தேன். வந்தது யார்? ஒருவரும் இல்லை. பேருந்தில் நானும், தொங்கவிட்ட சாமந்தி மாலைகளும், இரண்டு ஈக்களும்தான் இருந்தோம். அன்று பேருந்தை ஓட்டி வந்த என் லாரி ஓட்டுநர் கிந்தர் சிங்கைத் தேடினேன். அவர் கிணற்றடி வரிசையில் போய் நின்றிருந்தார்.

பெண் வீட்டாருக்கு என்னைச் சும்மா விட மனம் வருமா? பெண்ணின் அத்தை தேஜ் கௌர், அதோ சிரிக்கிறார் பாருங்கள், அவர்தான். பத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு என் சன்னலுக்கு நேரே நின்று, மேளம் தட்டிப் பாடத் தொடங்கினார்:

"நாப்பது லாரி ஓட்டுறாராம்,
நாலு முழக் கயித்துக்கு நடுங்குறாராம்;
மீசைக்கு நெய்யத் தடவி வந்தாரு,
வாளியப் பாத்ததும் வேர்த்து நின்னாரு!"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அன்று எல்லோரும் சிரித்தார்கள், என் அண்ணன் உட்பட. நான் மட்டும் சிரிக்கவில்லை. சன்னலைச் சாத்தினேன். சாத்தியதும் உள்ளே வெக்கை ஏறியது. பொழுது ஏற ஏறத் தொண்டை வறண்டது. கண் முன்னால் ஊரே தண்ணீர் குடிக்கக் காத்திருக்கிறது. நான் குடிக்க முடியாது. ஏன் முடியாது? யார் தடுத்தார்கள்? எந்த மதில், எந்தக் காவலன்? நானே மதில், நானே காவலன், நானே வேல்!

இதற்கிடையில் கல்யாண வீட்டுக்குள்ளே பெரிய வாக்குவாதம். இந்த அகங்காரம் பிடித்த வீட்டுக்குப் பெண்ணை அனுப்புவதா என்று சிலர். வழக்கத்தை இந்த ஒருமுறை விட்டுக்கொடுத்துவிடலாம் என்று சிலர். பெண்ணின் தாய் ஒரு மூலையில் அழுதுகொண்டிருந்தார். அப்போது ஸிம்ரத் எழுந்தாளாம். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அவர்கள் விடியலில் கிளம்பி வந்திருக்கிறார்கள், யாராவது சாப்பிட்டார்களா என்று கேட்டாள். பெரியவர் பேருந்தில் தனியாக இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள்.

சிவப்பு உடையில், கை நிறைய வெண்சிவப்பு வளையல்களோடு, ஒரு பித்தளைச் செம்பைக் கையில் ஏந்திக்கொண்டு, கல்யாணப் பெண் கூட்டத்தைப் பிளந்து நடந்து வந்தாள். பாடிக்கொண்டிருந்த தேஜ் கௌர் வாயை மூடினார். பேருந்தின் படியேறி என் முன்னால் வந்து நின்றாள். நான் அவளை அதுவரை ஒரு முறைதான் பார்த்திருந்தேன்.

"பாபூஜி, உங்கள நிறுத்த வரல. காலையிலருந்து நீங்க தண்ணிகூடக் குடிக்கலன்னாங்க. குடிச்சிட்டுக் கெளம்புங்க. மத்தவங்களுக்குச் சாப்பாடு போடச் சொல்லியிருக்கேன்."

நான் செம்பை வாங்கவில்லை. உனக்கு என்மேல் கோபம் இல்லையா என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்குத் தெரியாது, இன்றும் தெரியாது.

"நெறய இருக்கு பாபூஜி. ஆனா கோபம் வேற, தண்ணி வேற."

அன்பர்களே, ஐம்பத்து நான்கு வயது வரை எனக்கு எத்தனையோ பேர் புத்தி சொல்லியிருக்கிறார்கள். வங்கிக்காரர், வக்கீல், மனைவி, மாமனார். இறங்காத புத்தி அந்த நான்கு சொல்லில் இறங்கியது. கோபம் வேற, தண்ணி வேற! நான் செம்பை வாங்கிக் குடித்தேன். அந்தக் கிணற்றின் இனிப்பு நாக்கில் பட்டபோது, ராஜா உக்ரபாலின் தாகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. காலிச் செம்பை அவள் கையில் கொடுத்துவிட்டுப் படியை விட்டு இறங்கினேன்.

மகன் குதிரையை விட்டு இறங்கி எனக்காக நின்றிருந்தான். அவன் சட்டைக்கையை மடித்தான். நீ இரு, முதலில் நான் என்றேன்.

இப்போதுதான் பின்வரிசை கேட்ட வாளிக் கதை வருகிறது! நாற்பது லாரி முதலாளி கயிற்றைப் பிடித்தேன். சகடை கிறீச்சிட்டது. இழுத்தேன், இழுத்தேன், இழுத்துக்கொண்டே இருந்தேன். வாளி மேலே வந்தபோது அதில் கால்வாசித் தண்ணீர்தான் இருந்தது. மீதியெல்லாம் கிணற்றுச் சுவருக்கும் என் கல்யாண உடைக்கும் போய்விட்டது. தேஜ் கௌர் விடுவாரா? குழந்தைக்கு மூக்குச் சிந்திவிடுங்கள், பாவம் களைத்துவிட்டது என்றார். இந்த முறை நானும் சிரித்தேன். ஐந்தாவது வாளியில் கை பழகியது. பத்தாவது வாளியில் உள்ளங்கை கிழிந்தது. சூளைக்காரர் வந்தார், ஊற்றினேன். செருப்புத் தைப்பவர் வந்தார், ஊற்றினேன். ஒவ்வொருவரும் குடித்துவிட்டுக் கல்யாணம் நல்லபடி நடக்கட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். நான் சொன்ன சொல்லைக் காதால் கேட்டவர்கள் அவர்கள்!

அப்புறம் கிந்தர் சிங் வந்து நின்றார். அன்றைக்கே பத்தொன்பது ஆண்டுகளாக என்னிடம் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். வலது கையை நீட்டத் தயங்கி, இடது கையைக் குவித்தார். ஏன் என்று பார்த்தேன். வலது கையில் இரண்டு விரல் இல்லை. என் லாரியின் பின்கதவில் நசுங்கிப் போனவை. செய்தி எனக்கு அன்றே வந்தது. மருத்துவச் செலவையும் கொடுத்தேன். ஆனால் அந்தக் கையை ஒரு நாளும் பார்த்ததில்லை.

"நெசமாவே குடிக்கவா சர்தார்ஜி?" என்று கேட்டார்.

பத்தொன்பது ஆண்டு உழைத்தவன், என் கையால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க என்னிடம் அனுமதி கேட்கிறான். அந்த வலது கையையே பிடித்து, என் கையோடு சேர்த்துக் குவித்து, அதில் ஊற்றினேன். அவர் குடித்தார். எங்கள் இருவர் தாடியும் நனைந்தது. அதில் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

பிறகு ஹர்நேக் இறைத்தான். அவன் இளவட்டம், வாளி நிறைய நிறைய வந்தது. கல்யாணம் பகல் சாய்கிற நேரத்தில் நடந்தது. ஜிலேபி ஆறிப்போயிருந்தது, அப்படி ஒரு ஜிலேபியை நான் அதற்கப்புறம் தின்றதில்லை.

சென்ற ஆண்டு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ஆராய்ச்சி செய்கிறவள். பெரியவரே, இந்த தயாபால் உண்மையில் வாழ்ந்தாரா, கல்வெட்டு உண்டா, பழங்காசு உண்டா என்று கேட்டாள். நல்ல கேள்விதான். கல்வெட்டுக்கு நான் எங்கே போவேன்? அவளை என் லாரிப் பட்டறைக்கு அழைத்துப் போனேன். ஸிம்ரத் வந்த மறு மாதமே பட்டறை வாசலில் வைத்த தண்ணீர்ப் பானைகளைக் காட்டினேன். என் வண்டி ஒவ்வொன்றின் பின்பக்கமும் வாளி பிடித்த இளவரசரை எங்கள் ஓவியர்கள் தீட்டியிருப்பதைக் காட்டினேன். வண்டிக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர், வழியில் யார் கைநீட்டினாலும் நிறுத்தி ஊற்ற வேண்டும் என்பது எங்கள் ஓட்டுநர்கள் தாங்களாகவே வைத்துக்கொண்ட சட்டம் என்பதைச் சொன்னேன். தேசம் பிரிந்தபோது இந்த ஊரிலிருந்து எல்லைக்கு அப்பால் போன ரஹ்மத் அலியின் குடும்பம் இன்றும் அங்கே தங்கள் மாப்பிள்ளைகளைத் தண்ணீர் இறைக்க வைப்பதைச் சொன்னேன். என் அண்ணன் பேத்திக்குக் கனடாவில் கல்யாணம்; வெளியே முழங்கால் அளவு பனி; கிணற்றுக்கு எங்கே போவது? மாப்பிள்ளை மண்டபத்துக் குழாயில் காகிதக் குவளைகளை நிரப்பி, பாத்திரம் கழுவுகிறவர்களுக்கு முதலில் கொடுத்தானாம். அந்தப் படத்தையும் காட்டினேன். அவள் எழுதுகோலை மூடி வைத்துவிட்டு, பானையில் மொண்டு ஒரு குவளை குடித்தாள்.

வாழ்ந்தாரா என்று கேட்கிறார்களே, வாழ்கிறார் என்று சொல்லுங்கள்! கோட்டையிலே இல்லை, கொத்தளத்திலே இல்லை. குடத்திலே வாழ்கிறார், குவிந்த கையிலே வாழ்கிறார். அரியணை ஏறியவர்களை வரலாறு எண்ணிக்கொண்டிருக்கட்டும். யானையை விட்டு இறங்கியவர்களை நாம் பாடிக்கொண்டிருப்போம். ஏறுவதற்கு ஏணி போதும். இறங்குவதற்கு இதயம் வேண்டும்.

பீபி ஹர்வந்த் கௌர் ஒயரைத் தொடுகிறார். ஒரு நிமிடம் கொடுங்கள், தாயே. ஸிம்ரத் அந்த மஞ்சள் துப்பட்டாக்களுக்குள்ளே எங்கோ இருக்கிறாள். தன் பெயரைச் சொல்லக் கூடாது என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். வீட்டுக்குப் போய்த் திட்டு வாங்கிக்கொள்கிறேன். அவளைப் பெற்றவர் இதோ முதல் வரிசையில் இருக்கிறார். இந்தக் கதையை நூறு கல்யாணங்களில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொன்னதே இல்லை. அன்று நான் பேசியது எந்த இடத்தில் பேசப்பட்டதோ அந்த இடத்தில், கேட்டவர்களில் உயிரோடிருப்பவர்கள் முன்னால், இன்று சொல்கிறேன். நாஹர் சிங் அவர்களே, சூளையில் உழைத்தவர்களே, வரிசையில் நின்றவர்களே, நான் சொன்ன சொல் தவறு. என்னை மன்னியுங்கள்.

என்ன சம்பந்தி, எழுந்துவிட்டீர்கள்? சொல்லுங்கள். ஒலிபெருக்கி இல்லாவிட்டால் என்ன, நான் கேட்டுச் சொல்கிறேன்.

கேட்டீர்களா அன்பர்களே? என் சம்பந்தி சொல்கிறார்: "அத அன்னிக்கே கிணத்துல போட்டாச்சு. பேச்ச முடிங்க, ரொட்டி ஆறுது."

முடித்துவிட்டேன். பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், போட்டுத் தாக்கிய தேஜ் கௌர் அம்மையாருக்கும், ஒயரைப் பிடுங்காத தலைவிக்கும், அடுப்படியில் வியர்வை வழிய நிற்கும் தோழர்களுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. சத் ஸ்ரீ அகால், ராம் ராம், சலாம். எழுந்திருங்கள், சாப்பிடப் போவோம்.